சாடியோ மானே விலைபோகும்போது செனகலுக்கு என்ன கிடைக்கும்?

செனகலின் தென்பகுதியில் உள்ள பம்பாலி கிராமத்தில் 1992இல் பிறந்த கால்பந்து வீரர் சாடியோ மானே. டக்காருக்கு அருகே ஜெனரேசியோன் ஃபுட் அகாடமியில் பயின்றவர், 2011இல் பிரான்சின் மெட்ஸ் கிளப்புக்குப் போனார். பிறகு 2012இல் சால்ஸ்பர்க், 2014இல் சவுதாம்ப்டன், 2016இல் லிவர்பூல், 2022இல் பேயர்ன் மியூனிக். இந்தப் பயணத்தில் கைமாறிய பணத்தில் அவரை வளர்த்தவர்களுக்கு என்ன பங்கு என்பதை உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் விதிகளே தீர்மானிக்கின்றன.

முதல் விதி வயது பற்றியது. 18 நிரம்பாத வீரரை வேறு நாட்டுக் கிளப் பதிவு செய்யக் கூடாது. விலக்குகள் சில உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம், ஆனால் செனகல் சிறுவனுக்கு அது உதவாது. அதனால்தான் மெட்ஸ் போன்ற கிளப்புகள் அகாடமியோடு கூட்டு வைத்து, 18 ஆகும்வரை காத்திருந்து அழைத்துக்கொள்கின்றன. பாப்பிஸ் சிஸ்ஸே, இஸ்மாயிலா சார், பாப் மத்தார் சார் ஆகிய செனகல் வீரர்கள் எல்லோரும் இதே வழியில் சென்றவர்கள்தான்.

வளர்த்த இடத்துக்குப் பணம் இரண்டு வகையில் வரும். ஒன்று, பயிற்சி ஈட்டுத்தொகை. முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போதும், 23 வயதுவரை நாடு மாறும் ஒவ்வொரு முறையும் இது உரியது. பயிற்சிச் செலவின்படி கிளப்புகளைப் பிரிக்கும் பட்டியலில் முதல் வகையில் உள்ள ஐரோப்பியக் கிளப் ஒன்று சேர்த்துக்கொண்டால், பயிற்சி தந்த ஓர் ஆண்டுக்கு 90,000 யூரோ. 12 முதல் 15 வயதுவரையிலான ஆண்டுகளுக்கு மட்டும் 10,000 யூரோ என்ற குறைந்த கணக்கு.

மற்றது சாலிடாரிட்டி தொகை. வீரர் எத்தனை வயதில் விலைபோனாலும் இது உண்டு. டிரான்ஸ்ஃபர் தொகையில், அதாவது வீரருக்காக ஒரு கிளப் மற்றொன்றுக்குத் தரும் விலையில், 5 சதவீதத்தை வாங்கும் கிளப் பிடித்துவைத்து, 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு பையனை 15, 16, 17, 18 ஆகிய நான்கு வயதுகளிலும் வைத்திருந்த அகாடமிக்கு 1.75 சதவீதம் சேரும். 4 கோடி யூரோவுக்கு அவன் விலைபோனால் 7 லட்சம் யூரோ. மேற்கு ஆப்பிரிக்க அகாடமி ஒன்றுக்கு இது விடுதி, மைதானம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றையும் பல காலம் தாங்கும் பணம்.

ஆனால் இந்த விதியில் நெடுங்காலம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரே நாட்டுக்குள் நடக்கும் விற்பனைக்கு அது பொருந்தாது. 2016இல் மானே சவுதாம்ப்டனிலிருந்து லிவர்பூலுக்குப் போனது இங்கிலாந்துக்குள் நடந்த மாற்றம். அதுவரை அவருக்குத் தரப்பட்ட விலைகளிலேயே அதுதான் பெரியது. இருந்தும் செனகல் அகாடமிக்குப் பங்கு தர ஃபிஃபா விதி கட்டாயப்படுத்தவில்லை. வளர்த்த கிளப் வேறு நாட்டில் இருந்தால் உள்நாட்டு விற்பனையிலும் பங்கு உண்டு என்ற திருத்தம் 2020 ஜூலையில்தான் வந்தது. நியாயமான திருத்தம், மிகவும் தாமதமாக வந்தது.

விதி சரியாக இருந்தாலும் பணம் சேராமல் போவது பதிவேட்டில்தான். அகாடமி அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் இணையாமல் இருந்தாலோ, பையனைப் பருவந்தோறும் பதிவு செய்யாமல் விட்டாலோ, அந்த ஆண்டுகளில் அவன் எங்கே இருந்தான் என்பதற்குச் சான்று இருக்காது. ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் பிறந்த தேதி மாறியிருந்தாலும் சிக்கல்தான். முன்பெல்லாம் அகாடமியே விற்பனையைக் கவனித்து, வாங்கிய கிளப்பிடம் கேட்டு, தராவிட்டால் ஃபிஃபாவில் வழக்குத் தொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் தாண்டினால் உரிமை போய்விடும்.

2022 நவம்பரிலிருந்து பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் இந்த வேலையைச் செய்கிறது. விற்பனை பதிவானதும் வீரர் எந்த வயதில் எந்தக் கிளப்பில் இருந்தார் என்று காட்டும் மின்னணு பாஸ்போர்ட் தானாக உருவாகிறது. அதைச் சரிபார்க்கச் சங்கங்களுக்கு 10 நாள் தரப்படும். ஏதாவது ஆண்டு விடுபட்டிருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். பங்கு முடிவானபின் வாங்கிய கிளப்பிடமிருந்து பணத்தை வசூலித்து, அகாடமியின் வங்கி, உரிமையாளர் விவரங்களைச் சோதித்த பிறகே அகாடமிக்கு அனுப்புவார்கள். கிளப் மூடப்பட்டிருந்தால் அதன் பங்கை நாட்டுச் சங்கம் கேட்டு வாங்கி, இளையோர் கால்பந்துக்குச் செலவிடலாம். ஒப்பந்தம் முடிந்து விலையின்றி வீரர் மாறினால் மட்டும் சாலிடாரிட்டி தொகை பூஜ்யம்.