லேட்டன்சி என்றால் சுணக்கம்

கணினியின் நினைவகமான ரேமின் பெட்டி மேல் ‘டிடிஆர்5 6000 சிஎல்30’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிடிஆர்5 என்பது ரேமின் தலைமுறை. 6000 வேகம் என்பது பார்த்ததும் புரிந்துவிடும். சிஎல்லில் இருக்கும் ‘எல்’தான் லேட்டன்சி.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லத்தேரே’ என்றால் மறைந்திருத்தல். பள்ளி இயற்பியலில் ‘லேட்டன்ட் ஹீட்’டை உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது இந்த வேரை ஒட்டிய ஆக்கம். கணினிக்கு வந்தபோது பொருள் நகர்ந்துவிட்டது: கேட்டதற்கும் கிடைப்பதற்கும் நடுவே கழியும் நேரம். அதனால் இங்கே ‘உள்ளுறை’ ஒட்டாது. ‘தாமதம்’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் குறித்த நேரம் தவறினால்தானே தாமதம்? ரேம் குறித்த நேரத்தில் கச்சிதமாகத் தந்துவிடுகிறது. ‘சுணங்கு’ என்ற வினையிலிருந்து வரும் ‘சுணக்கம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பணிகளில் சுணக்கம்’ என்று செய்தித்தாள் எழுதும்போது லேசாகக் குறைசொல்லும் தொனி உண்டுதான். இருந்தாலும் சின்னச் சொல். ‘நினைவகச் சுணக்கம்’, ‘சுணக்கம் குறைந்த ரேம்’ என்று எப்படியும் வளைந்து கொடுக்கும்.

சரி, அந்த 30 என்ன? ரேமுக்குள் தரவு நிரையும் நிரலுமாகக் கட்டம் கட்டமாக இருக்கிறது. முதலில் நிரையைத் திறக்க வேண்டும், அப்புறம் நிரலைச் சொல்லிக் கேட்க வேண்டும். நிரலைக் கேட்டதிலிருந்து முதல் தரவு வெளிவரும் வரை ஆகும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கைதான் சிஎல். எண்ணிக்கையை நேரம் என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பமெல்லாம். வேகம் கூடினால் ஒவ்வொரு துடிப்பும் சுருங்கும். நேரம் தெரிய வேண்டுமானால் சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். டிடிஆர்4 3200 சிஎல்16-க்குக் கணக்குப் போட்டால் 10 நானோவிநாடி (ஒரு நானோவிநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). டிடிஆர்5 6000 சிஎல்30-க்கு? அதுவும் 10தான். கூடியிருப்பது ஒரு விநாடியில் கொண்டுவரும் தரவின் அளவு மட்டும்.

ரேமின் இந்த அமைப்புகளைத் தோண்டி மாற்றுவதால் பலன் உண்டா? கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குவதில் நிச்சயம் உண்டு. இயக்காவிட்டால் அதே டிடிஆர்5, 4800 சிஎல்40 போன்ற பொது அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது சுணக்கம் 16.7 நானோவிநாடி. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வாங்கிக்கொள்வதுதானே, தயங்க வேண்டாம்.

அதற்கு மேல் கையால் திருகுவது வேறு கதை. சிஎல்லை 30-இலிருந்து 28-க்கு இறக்கினால் மிச்சமாவது 0.67 நானோவிநாடி. செயலி ரேமிலிருந்து ஒன்றைக் கேட்டுப் பெற மொத்தம் 60, 80 நானோவிநாடி ஆகிறது. அதில் இது எங்கே தெரியப் போகிறது? ரேமின் மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், அந்த நேரத்தில் ரேம் பதில் சொல்லாது. விவரம் தெரிந்தவர்கள் சிஎல்லை விட்டுவிட்டு இந்தப் புதுப்பிப்பு அமைப்புகளில் கைவைப்பது அதனால்தான். பலனும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் செயலியோடு சேர்ந்த கிராபிக்ஸில் விளையாடுபவருக்கு ரேமின் வேகம் நன்றாகவே தெரியும். கார்டே முழு மூச்சில் திணறும் விளையாட்டில் எதுவும் மாறாது.

திருகியபின் கணினி ஓடுகிறது என்பதை மட்டும் நம்ப முடியாது. தவறான ஒரு பிட் சத்தமில்லாமல் கோப்பில் எழுதப்பட்டுவிடும். ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பழைய அமைப்புக்கே திரும்பிவிட வேண்டியதுதான்.