சி.எச்.50 பூஜ்ஜியம் என்றால் எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா?

ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் எனும் எதிர்ப்புப் புரதங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் சோதனை சி.எச்.50. அது பூஜ்ஜியம் என்று வந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், எனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா?" என்று அழாத குறையாகக் கேட்பவர்கள் உண்டு. நான் முதலில் விசாரிப்பது, ரத்தம் எடுத்த குழாய்க்கு என்ன நிற மூடி என்பதைத்தான். ஊதா என்றால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிடலாம்.

ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், மெக்னீசியத்தையும் விடாது. காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கோ இந்த இரண்டும் இல்லாமல் வேலையே ஓடாது. அவற்றுக்கு சி1, சி2 என்று எண் போட்டுப் பெயர். சி1 புரதத்தின் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். கிருமிமேல் ஒட்டிய ஆன்டிபாடியில் சி1 போய் அமர்ந்ததும், அதிலுள்ள நொதி சி4-ஐ வெட்டும், அந்தத் துண்டோடு சி2 வந்து ஒட்ட மெக்னீசியம் வேண்டும், ஒட்டிய சி2-வும் வெட்டுப்பட்டால் புதிதாக ஒரு நொதி தயார், அது சி3-ஐ வெட்டும், அதில் ஒரு துண்டு கிருமிமேல் ஒட்டிக்கொண்டு வெள்ளணுக்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். எனவே சி.எச்.50 பார்க்கச் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்துப் பிரித்த சீரம்தான் வேண்டும். அதுவும் சாயங்காலம் வரை மேசைமேல் கிடந்தால் எண் குறைந்துதான் வரும்.

அப்போ கால்சியம் மாத்திரை போட்டால் எதிர்ப்புச் சக்தி ஏறுமா? ஏறாது. ரத்தக் கால்சியத்தைப் பாராதைராய்டு சுரப்பி டெசிலிட்டருக்கு 8.5–10.5 மில்லிகிராமுக்குள் பிடித்து வைத்திருக்கும், குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கொரோனா காலத்தில் தொடங்கிய ஜிங்க் மாத்திரையை இன்னும் விடாதவர்கள்தான் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் உச்ச வரம்பு. அதைத் தாண்டி மாதக்கணக்கில் போட்டால் உடலில் தாமிரம் குறைந்து, வெள்ளணுவே சரியக்கூடும். எதிர்ப்புச் சக்திக்காகப் போட்ட மாத்திரை!

இந்த நொதிகளுக்குக் கடிவாளம் போட சி1 இன்ஹிபிட்டர் என்றொரு புரதம் இருக்கிறது. பரம்பரையாக அது குறைந்தவர்களுக்கு, ரத்தக்குழாயிலிருந்து நீரைக் கசியவிடும் பிராடிகைனின் என்ற பொருள் கூடி, உதடு, முகம், சில நேரம் தொண்டையும் வீங்கும். அரிப்பு இருக்காது, தடிப்பும் இருக்காது, அலர்ஜி ஊசிக்கும் ஸ்டீராய்டுக்கும் கேட்காது. சிலருக்குக் குடல் வீங்கி, அப்பெண்டிக்ஸோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு வயிறு வலிக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் இப்படி வந்திருந்தால் சி4 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் குறைந்திருக்கும். பிரஷருக்கு எனலாப்ரிலோ ராமிப்ரிலோ எடுப்பவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியை அந்த மாத்திரைகள் தடுப்பதால், இந்தக் குறை இல்லாதவர்களுக்கும் சில சமயம் இதே வீக்கம் வரும். குரல் மாறினாலோ மூச்சு முட்டினாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.