கிளட்ச்: பிடிப்பு அல்ல, இக்கட்டு

ஆட்டம் இழுபறியாக நிற்கும் கடைசி நேரத்தில் அணியைக் காப்பாற்றும் 'கிளட்ச் பிளேயர்' என்பவரைப் 'பிடிமான வீரர்' என்று எழுதும் வழக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ராபர்ட் ஹோரிக்குக் கூடைப்பந்துப் புகழரங்கில் (ஹால் ஆஃப் ஃபேம்) இடம் தரலாமா என்ற பழைய சண்டை தமிழுக்கு வரும்போது, "பிடிமானப் பாத்திர வீரர் ஹோரி புகழ் மண்டபத்துக்குத் தகுதியானவரா?" என்று ஆகிவிடுகிறது. ஒரே வரியில் மூன்று கோளாறு: கிளட்ச், ரோல் பிளேயர், ஹால் மூன்றுக்கும் தப்பான சொல். படிப்பவருக்கு ஹோரி நினைவுக்கு வருவதற்கு முன் கைப்பிடி வைத்த எவர்சில்வர் பாத்திரம்தான் வரும்.

வேர் எளிது. விரல்களை மடக்கிப் பற்றுவதைக் குறித்த 'கிளிச்சன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது கிளட்ச். பருந்தின் பிடியும் அதுதான், காரின் கிளட்சும் அதுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால்காரர்கள் ஆட்டம் இறுகி நிற்கும் கட்டத்தை 'கிளட்ச்' என்றார்கள். கூடைப்பந்து அங்கிருந்து எடுத்துக்கொண்டது. ஆக, பிடியில் இருப்பது ஆட்டம். ஆட்டக்காரர் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் புள்ளிவிவரமும் இதை நேரமாகத்தான் வரையறுக்கிறது: நான்காம் கால்பகுதியின் கடைசி 5 நிமிடமோ கூடுதல் நேரமோ, புள்ளி வித்தியாசம் 5-க்குள் இருக்க வேண்டும். அகராதியின் முதல் பொருளோடு புத்தகத்தை மூடிவிட்டால் இது எப்படித் தெரியும்?

'பிடிமானம்' பொருத்தமில்லாத சொல் மட்டுமல்ல, நேர் எதிரான சொல். பந்தை எறியும்போது அது உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. விரல் நுனிச் சதையில் உட்கார வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடிந்து, விடும்போது முன்னால் சரிய வேண்டும். கடைசியாகப் பந்தைவிட்டு விலகுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அப்போதுதான் பந்து பின்னோக்கிச் சுழலும். வளையத்தில் பட்டாலும் மெத்தென்று உள்ளே விழ வாய்ப்புண்டு. பதற்றத்தில் கை பந்தை இறுக்கினால் மணிக்கட்டு விறைக்கும், பந்தின் வளைவு தட்டையாகும், முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். கடைசி நொடியில் ஒருவர் பந்தைப் பிடித்த பிடியில் நின்றால் தோற்றுப்போவார். அவரைப் போய்ப் பிடிமான வீரர் என்கிறோம்.

இதைவிடக் கௌரவமான போட்டிச் சொல் 'நெருக்கடி வீரர்'. பிடிமானத்தை ஒதுக்குபவர்கள்கூட இதில் வந்து விழுகிறார்கள். முதல் சிக்கல், 'நெருக்கடி' என்றதும் தமிழ் வாசகருக்கு நெருக்கடி நிலையும் நிதி நெருக்கடியும் நினைவில் எழும். இரண்டாவது, தொகைச்சொல்லின் இயல்பு. குத்துச்சண்டை வீரர் குத்துச்சண்டை போடுபவர், மல்யுத்த வீரர் மல்யுத்தம் செய்பவர். நெருக்கடி வீரர் என்ன செய்பவர், நெருக்கடியை உண்டாக்குபவரா, அதில் மாட்டிக்கொண்டவரா? (பந்தைத் தொட்டவரையெல்லாம் 'வீரர்' ஆக்கும் பழக்கம் தனிக் கொடுமை. 'ஆட்டக்காரர்' என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது. உட்கார்ந்து செஸ் ஆடுகிறவரும் வீரர், பெஞ்சில் துண்டோடு இருப்பவரும் வீரர்.)

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. 'நெருக்கடி வீரர்' என்று பெயர்ச்சொல்லாக ஆக்கியதும் அது பிறவிக் குணமாகிவிடுகிறது, மச்சம்போல. ஹோரியின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 2002-இலும் 2005-இலும் ஆட்டத்தையே புரட்டிய அதே ஹோரி, 2003 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் தொடர்களில்) 38 மூன்று புள்ளி எறிதல்களில் போட்டது 2 மட்டும். அந்த ஆண்டு சான் அன்டோனியோவுடன் நடந்த ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் அவர் விட்ட பந்து வளையத்துக்குள் பாதி இறங்கி வெளியே எகிறியது, அவர் அப்போது ஆடிய லேக்கர்ஸ் அணி தோற்றது. குணம் என்றால் அந்த வருடம் மட்டும் எங்கே போயிருந்தது?

ஆகவே இதற்கு வேண்டியது வினைச்சொல். வினைக்குக் காலம் உண்டு. எப்போது, எந்த ஆட்டத்தில் என்று கேட்கவைக்கும். அந்த வினையை நாம் தினமும் புழங்குகிறோம்: கைகொடுத்தல். 'கடைசி ஓவரில் கைகொடுத்தார்' என்று கிரிக்கெட்டில் எழுதாதவர் யார்? கைகுலுக்கலோடு குழம்பாமலிருக்க 'இக்கட்டில்' என்று முன்னால் சேர்த்தால் போதும். கிளட்ச் டைம் என்பது இக்கட்டு நேரம். கிளட்ச் ஷாட் என்பது இக்கட்டில் கைகொடுத்த எறிதல். 'இடுக்கு' என்றும் யோசிக்கலாம். குறுகிய இடம், நெரித்துப் பிடித்தல் என்று கிளட்சின் இரண்டு பொருளும் அதற்கு உண்டு; இடுக்கி அதில் பிறந்ததுதான். ஆனால் 'இடுக்கு நேரம்' என்று எழுதினால் சந்துபொந்துதான் கண்ணில் தெரியும்.

2002 மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள். லேக்கர்ஸ் தொடரில் 1-2 எனப் பின்தங்கி இருக்கிறது. சாக்ரமென்டோ 99, லேக்கர்ஸ் 97. லேக்கர்ஸின் கோபி பிரயண்ட் எறிந்தது போகவில்லை. அவருடைய அணித்தோழர் ஷகீல் ஓ'நீல் கூடையடியிலிருந்தே திருப்பிப் போட்டதும் போகவில்லை. ஆபத்து நீங்கட்டும் என்று சாக்ரமென்டோவின் விளாடே டிவாட்ஸ் பந்தை வெளியே தட்டிவிடுகிறார். அது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நடுவில் நின்ற ஹோரியிடம் நேராகப் போகிறது. வாங்கியதும் எறிந்தார், மணி ஒலிக்கப் பந்து உள்ளே. 100-99. 'ஹோரி கைகொடுத்தார்' என்பதில் நடந்தது அத்தனையும் அடங்குகிறது. எல்லோரும் கூடைக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்க, அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்.

எதிர்ச்சொல் 'சோக்'. இதைத் 'திணறல்' என்றும் 'மூச்சுத்திணறல்' என்றும்கூட எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். கைக்கு வந்த வெற்றியை நழுவவிடுவதற்குத் தமிழில் கோட்டைவிடுதல் என்று பெயர். 1994-இல் ஹூஸ்டன் அணி சொந்த ஊரில் ஃபீனிக்ஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் பெரிய முன்னிலையிலிருந்து தோற்றபோது, உள்ளூர்ப் பத்திரிகைத் தலைப்பு ஊரையே 'சோக் சிட்டி' ஆக்கியது. கோட்டைவிட்ட ஊர். அணி அங்கிருந்து மீண்டு கோப்பையையும் வென்றதும் அதே ஊர் 'கிளட்ச் சிட்டி' ஆனது. ஹோரி அந்த அணியில்தான் இருந்தார்.

நட்சத்திரமாக இல்லாமல் தனக்கென்று ஒதுக்கிய வேலையைச் செய்யும் 'ரோல் பிளேயர்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பாத்திர வீரர்' சிரிப்புக்குரியது, 'துணை வீரர்' அநியாயம். கச்சேரிக்குப் பக்கவாத்தியம் போல அணிக்கு இவர். அந்த ஒப்பில் 'பக்க ஆட்டக்காரர்' என்பேன். களத்தின் ஓரங்களில் ஆடும் விங் நிலையோடு குழம்பக்கூடும் என்பது குறைதான். விங்கை விங் என்றே விட்டுவிடலாம்.

இனி அந்த வழக்கு. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் நினைவுப் புகழரங்கில் நுழைய 24 பேர் குழுவில் 18 வாக்கு வேண்டும். (மண்டபம் வேண்டாம், நினைவு மண்டபம் செத்தவர்களுக்கு, கல்யாண மண்டபம் வாடகைக்கு.) ஹோரி 7 கோப்பை வென்றவர், ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் (ஆண்டுதோறும் நடக்கும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) இல்லை, வழக்கமான சீசன்களில் சராசரி 7.0 புள்ளி. 'துணை வீரர்' என்று சொன்னதுமே வழக்கு தோற்கிறது. 'நெருக்கடி வீரர்' என்றால் மூன்று நான்கு எறிதல்களை வைத்தே ஜெயிக்கப் பார்க்கிறது. இரண்டும் தப்பு. எறிதல் மட்டும் போதுமென்றால் 1993-இல் இப்படியே கடைசி நொடிகளில் போட்ட ஜான் பாக்சனுக்கும், 2004-இல் 0.4 நொடி மீதமிருக்கையில் போட்ட டெரெக் ஃபிஷருக்கும் கதவு திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் பக்க ஆட்டக்காரர்களைப் பாருங்கள்: கே. சி. ஜோன்ஸின் சராசரி 7.4 புள்ளிதான், 2024-இல் நுழைந்த மைக்கேல் கூப்பர் 1987-இன் சிறந்த தடுப்பாட்டக்காரர். இருவருமே ஆல்-ஸ்டார் ஆனதில்லை. அவர்களை உள்ளே கொண்டுபோனது ஆண்டுக்கணக்கில் வாசித்த பக்கவாத்தியம்.

ஹோரிக்கும் அந்த வழியில்தான் வாதாட வேண்டும். 244 பிளேஆஃப் ஆட்டங்களில், தன்னைவிடக் கனத்த ஆட்களைத் தடுத்துக்கொண்டே, மறுமுனையில் கோட்டுக்கு வெளியே நின்று எதிரணியின் உயரமான ஆளைக் கூடையடியிலிருந்து இழுத்துவந்தார். 2005 இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் மனு ஜினோபிலியிடம் பந்தை உள்ளே கொடுத்தவர், அப்போது சான் அன்டோனியோவுக்கு ஆடிய ஹோரி, எதிரணியின் ரஷீத் வாலஸ் ஹோரியை விட்டு ஜினோபிலியை மறிக்கப் போனார், பந்து திரும்பி வந்தது, 5.8 நொடி மீதமிருக்க மூன்று புள்ளி, 96-95. அன்று அவர் எடுத்த 21 புள்ளிகளில் முதலாவதே மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில்தான் வந்தது. இடம் தரலாம் என்பது என் கட்சி, 2003-ஐ மறைக்காமல்.

முதலில் பார்த்த வரியைத் திருத்தினால் இப்படி வரும்: "இக்கட்டில் பலமுறை கைகொடுத்த பக்க ஆட்டக்காரர் ஹோரிக்குப் புகழரங்கில் இடம் உண்டா?" சப்டைட்டிலுக்கு நீளம் என்றால் 'பக்க ஆட்டக்காரர்' என்பதை வெட்டுங்கள். 'கைகொடுத்த' என்பதில் கைவைக்காதீர்கள்.