விலையுயர்ந்த கிட்டாரா, தேர்ந்த விரலா?

பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்குக் கிட்டார் வாங்கச் சென்ற வாசகர் ஒருவர் தம் குழப்பத்தை எழுதியிருக்கிறார். கடையில் எட்டாயிரம் ரூபாய்க்கும் ஒரு கருவி இருந்தது, எழுபதாயிரம் ரூபாய்க்கும் ஒன்று இருந்தது. கடைக்காரர் இரண்டையும் மீட்டிக் காட்டியபோது விலை கூடியதே இனிமையாக ஒலித்தது. உடன் வந்திருந்த மகனின் இசை ஆசிரியர் எட்டாயிரம் ரூபாய்க் கருவியை எடுத்து வாசித்தபோதோ, அதே கருவி முற்றிலும் வேறொன்றாக ஒலித்தது. ‘அப்படியானால் ஒலி கருவியில் இருக்கிறதா, வாசிப்பவரிடம் இருக்கிறதா?’ என்பது அவருடைய கேள்வி.

தொனியைத் தீர்மானிப்பதில் விரலின் பங்கு பெரும்பாலோர் எண்ணுவதைவிட மிகப் பெரியது. விலையின் பங்கும் ஓர் எல்லைவரை மெய்யானதே; அந்த எல்லையைத் தாண்டிய பிறகு அது விரைவாகச் சுருங்கிவிடுகிறது. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்ல வேண்டியதில்லை, கணக்கிட்டே காட்டலாம்.

பள்ளியில் படித்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால், அது தன் அடிப்படை அதிர்வெண்ணில் மட்டுமன்றி அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களிலும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்போது 220, 330, 440, 550 எனச் சீரிசைகளும் உடன் ஒலிக்கின்றன. எந்தச் சீரிசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற விகிதத்தைத்தான் நம் காது தொனியாக உணர்கிறது. மெல்லிய தந்தியால் தானாகக் காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது. அது பிரிட்ஜை, அதாவது பெட்டியின்மேல் தந்தியைத் தாங்கும் கட்டையை, அசைக்கிறது, பிரிட்ஜ் மேற்பலகையை அசைக்கிறது, பலகை காற்றை அசைக்கிறது. எனவே வாசகரின் கேள்வி இரண்டாகப் பிரிகிறது: தந்தி பிரிட்ஜுக்கு எதைக் கொடுக்கிறது? பெட்டி அதிலிருந்து எதை வெளியே அனுப்புகிறது? முதலாவது ஏறக்குறைய முழுவதும் வாசிப்பவர் கையில் இருக்கிறது.

விரல் தந்தியை இழுத்துப் பிடித்திருக்கும் கணத்தில், தந்தி இரண்டு நேர்க்கோடுகளாக விரல் நுனியில் ஒரு கூர்முனையுடன் நிற்கிறது. விரல் விலகியதும் முழுத் தந்தியும் ஒரே வளைவாக மேலும் கீழும் ஊசலாடுவதாகத்தான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் நிகழ்வது அதுவன்று. அந்தக் கூர்முனை இரண்டாகப் பிரிந்து, ஒன்று பிரிட்ஜை நோக்கியும் மற்றொன்று கழுத்தை நோக்கியும் ஓடத் தொடங்குகிறது. ஐந்தாம் தந்தியில் அந்த ஓட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 143 மீட்டர். இரு முனைகளிலும் மோதித் தலைகீழாகித் திரும்பும் இந்த இரு மடிப்புகளும், நொடிக்கு 110 முறை தம் சுற்றை முடித்துத் தொடங்கிய வடிவத்துக்கே தந்தியை மீட்டுக் கொண்டுவருகின்றன. கண்ணுக்குத் தெரியும், நடுவில் பருத்து முனைகளில் குறுகிய மங்கலான வடிவம் இந்த ஓட்டத்தின் சராசரித் தோற்றம் மட்டுமே.

இப்போது இதையே பிரிட்ஜின் பக்கம் நின்று பார்ப்போம். தந்தியின் நீளம் 65 செ.மீ.; பிரிட்ஜிலிருந்து 6.5 செ.மீ. தள்ளி, அதாவது பத்தில் ஒரு பங்கில் மீட்டியிருக்கிறோம். பிரிட்ஜை ஒட்டிய சிறிய துண்டு மிகவும் சாய்ந்து நிற்பதால் பிரிட்ஜைப் பலமாக ஒரு பக்கம் இழுக்கிறது. ஓடி வரும் மடிப்பு பிரிட்ஜைத் தொட்டதும் அந்தச் சாய்வு சட்டென்று மறைகிறது. அதன்பின் எதிர்த் திசையில் மெல்லிய இழுப்பு ஒன்று மட்டும் நிலவுகிறது, அடுத்த மடிப்பு வந்து சேரும்வரை. ஐந்தாம் தந்தியின் ஒரு சுற்று 9.1 மில்லிநொடி. அதில் பலமான இழுப்பு 0.9 மில்லிநொடி, மெல்லிய எதிர் இழுப்பு மீதி 8.2 மில்லிநொடி. தந்தியின் நடுவில் மீட்டினால் இரண்டும் சரிபாதியாகிவிடும். தந்தியின் நீளத்தில் எந்தப் பங்கில் மீட்டுகிறோமோ, ஒவ்வொரு சுற்றிலும் அதே பங்கு நேரம் அந்தப் பலமான துடிப்பு நீடிக்கிறது. இடத்தில் இருந்த விகிதம் மாறாமல் அப்படியே காலத்தில் வந்து நிற்கிறது. இசைக்கருவிகளின் இயற்பியலில் இதைவிட அழகான ஒழுங்கை நான் கண்டதில்லை.

குறுகிய துடிப்பில் உயர் சீரிசைகள் நிறைந்திருக்கும், அகன்ற துடிப்பில் குறைந்திருக்கும். இதை எண்களில் பார்க்கலாம். ஒலித்துளைக்கு மேலே, பிரிட்ஜிலிருந்து சுமார் 16 செ.மீ. தொலைவில், தந்தியின் கால் பங்கில் மீட்டுவதாகக் கொள்வோம். பிரிட்ஜின் மீதான விசையில் மூன்றாம் சீரிசை அடிப்படையின் மூன்றில் ஒரு பங்காகவும் ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்கும். நான்காவது அறவே இராது. மீட்டும் இடத்தில் அந்தச் சீரிசைக்குக் கணு, அதாவது அசையாமல் நிற்கும் புள்ளி, அமைவதால் அது எழும்பவே முடியாது என்பதை ஆங்கில இயற்பியலாளர் தாமஸ் யங் 1800ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இனி, கையைப் பத்து சென்டிமீட்டர்கூட முழுமையாக நகர்த்தாமல், பிரிட்ஜுக்கு அருகே 6.5 செ.மீ. புள்ளிக்குக் கொண்டுவருவோம். மூன்றாம் சீரிசை அடிப்படையின் 87 விழுக்காடாகிறது, ஐந்தாவது 65 விழுக்காடாகிறது, இல்லாதிருந்த நான்காவது 77 விழுக்காட்டுடன் வந்து நிற்கிறது. ஐந்தாம் சீரிசைக்கு மட்டும் இது ஒப்பளவில் பத்து டெசிபல் ஏற்றம். விறைப்பே இல்லாத இலட்சியத் தந்திக்கான கணக்கு இது என்றாலும், மெய்யான கிட்டாரும் இதையே பெரிதும் பின்பற்றுகிறது. கடைக்காரரும் ஆசிரியரும் வெவ்வேறு இடத்தில் மீட்டியிருந்தால் அந்த ஒன்றே இரு கருவிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மூழ்கடித்திருக்கும்.

எங்கே மீட்டுகிறோம் என்பதோடு எதனால் மீட்டுகிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. நகத்தின் விளிம்போ பிக் எனப்படும் சிறு மீட்டுதகடோ இழுத்துவிட்டால் மடிப்பு கூர்மையாக இருக்கும். சதைப்பற்றுள்ள விரல் நுனி தந்தியை ஒரு சிறு வளைவாகத் தாங்கிப் பிடிப்பதால் மடிப்பின் முனை மழுங்குகிறது; அந்த வளைவின் அகலத்தைவிடக் குறுகிய அலைகள் பிறப்பதே அரிதாகிறது. அதனால்தான் வெறும் விரலின் ஒலி மென்மையாகவும் நகத்தின் ஒலி பளிச்சென்றும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் பெர்னாண்டோ சோர் நகமின்றியும் அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாடோ நகத்தாலும் வாசித்தார்கள். இருவரும் சேர்ந்தும் வாசித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தார்ரேகா தம் கடைசி ஆண்டுகளில் நகத்தைக் கைவிட்டார். அவர்களுக்கிடையே இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மரத்தில் அன்று, தந்தியைத் தொட்ட அந்தச் சில மில்லிமீட்டரில் இருந்தது.

விரல் தந்தியை எந்தத் திசையில் விடுவிக்கிறது என்பதும் ஒலியை மாற்றுகிறது. பலகைக்கு இணையாக அதிரும் தந்தி அதைத் திறம்பட அசைப்பதில்லை. ஒலி மெலிதாக இருந்தாலும் நீண்ட நேரம் நிற்கும். பலகையை நோக்கி அழுத்தி விடுவித்த தந்தி பலமாக ஒலித்து விரைவில் அடங்கும். இவை மூன்றையும், ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக, தாளம் பிசகாமல் ஆளத் தெரிவதைத்தான் நாம் கைவன்மை என்கிறோம்.

யங் கண்ட விதிக்கு நம் கருவிகளிடமிருந்து ஒரு மறுப்பு வந்ததை இங்கே சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. வி. ராமன், மீட்டும் இடத்தில் கணு அமைந்த சீரிசைகள் வீணையிலும் தம்புராவிலும் தெளிவாக ஒலிப்பதை 1921இல் பதிவு செய்தார். கிட்டாரில் தந்தி ஒரு குறுகிய விளிம்பில் அமர்ந்திருக்கிறது. வீணையின் பிரிட்ஜான குதிரையோ அகன்று மெல்ல வளைந்திருப்பதால், அதிரும் தந்தி அதன்மேல் படிந்தும் விலகியும் சீரிசைகளுக்கிடையே ஆற்றலைப் பகிர்ந்துவிடுகிறது. நூறாண்டுக்கு முன் இவ்வளவு நுட்பமாகத் தொடங்கிய இத்துறைக்கு நம் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் இன்னும் தாராளமாக இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிப் பெட்டிக்கு வருவோம். பெட்டியால் புதிய சீரிசைகளைப் படைக்க முடியாது. தந்தி கொடுப்பவற்றில் சிலவற்றை வலுப்படுத்தவும் சிலவற்றைத் தணிக்கவும் மட்டுமே முடியும். உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் அளவிலும் மேற்பலகை 200 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒத்ததிர்வு கொள்கின்றன. அவற்றுக்கு மேலே இன்னும் பல. எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் உள்ள மேற்பலகை, தந்தியின் ஆற்றலைக் கூடுதலாக ஒலியாக்குகிறது. நல்ல ஸ்புரூஸ் பலகையைத் தேர்ந்து, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்து, உட்புறத் தாங்குகட்டைகளைச் சீவிப் பொருத்தும் கைவினைஞரின் திறனுக்குக் கொடுக்கும் பணம் வீணன்று. ஒட்டுப்பலகையால் ஆன மலிவுக் கருவியைவிட முழுமரப் பலகையுள்ள கருவி பொதுவாக உரத்தும் செறிவாகவும் ஒலிக்கிறது.

ஆனால் விலைப்பட்டியலில் பெரிய தாவல்கள் பல நேரங்களில் முதுகுப்பலகையின் மரத்தைச் சொல்லியே நிகழ்கின்றன. அந்தோனியோ தெ தோரெஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர், மேற்பலகையே முதன்மையானது என்று காட்டுவதற்காக 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய கருத்தை முறையாகச் சோதித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் கார்கானோவும் அவருடைய குழுவினரும் ஒரே வடிவமைப்பில் ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். முதுகு, பக்க மரங்கள் மட்டும் வேறு. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்று அரியதும் எளியதும் அதில் இருந்தன. மங்கிய அறையில், வெல்டிங் தொழிலாளர் அணியும் கண்ணாடியை அணிந்துகொண்டு 52 கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பெண் இட்டார்கள். ஆறும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்றன. வேறு 31 பேரிடம் நடத்திய மறைசோதனையில், ஒன்றிலிருந்து மற்றொன்றை எளிதில் பிரித்தறியவும் அவர்களால் முடியவில்லை. அளவீடுகளில் தென்பட்ட சிறு வேறுபாடுகளும் பெரும்பாலும் மரத்தால் வந்தவை அல்ல, செய்முறையில் இயல்பாக நேரும் ஏற்றத்தாழ்வால் வந்தவை.

முதுகு மரமே ஒலியை உயர்த்துகிறது என்ற நம்பிக்கைக்குக் காடுகள் விலை கொடுத்திருக்கின்றன என்பதுதான் என்னை வருத்துகிறது. பிரேசில் ரோஸ்வுட் அருகியதால் அதன் பன்னாட்டு வணிகம் 1992இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே, 1969இல், கிட்டார் செய்யும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிவிட்டது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். அதைக் காக்க 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வாசிப்பவரின் காதுக்கே புலப்படாத ஒரு வேறுபாட்டுக்காக, வளர நெடுங்காலம் எடுக்கும் மரத்தை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே மரத்தில் குடைந்த வீணைதான் உயர்ந்தது என்ற நம் நம்பிக்கையையும் இதேபோல் கண்மறைத்துச் சோதித்துப் பார்க்கலாம்; சில கருவிகளும் ஓர் இருட்டறையும் பொறுமையும் போதும்.

அப்படியென்றால் மிக மலிவான கருவியே போதுமா என்றால், போதாது. எந்த விரலாலும் சரிசெய்ய முடியாத குறைகள் சில உண்டு. கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளின் இடைவெளி சற்றுப் பிசகினால் சுருதி பிசகும். கழுத்தின் மேல்முனையில் தந்தி அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், அழுத்தும்போதே அது கூடுதலாக இழுபட்டு, முதல் சில ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறிவிடும்; தொடங்கும் பிள்ளைக்கு விரலும் வலிக்கும், காதும் கெடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கும் உலோகத்துக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபின் எளிய விலைக் கருவிகளிலும் ஃப்ரெட் இடைவெளி பெரும்பாலும் துல்லியமாக அமைந்துவிடுகிறது. தந்தியின் உயரத்தை ஒரு தேர்ந்த பழுதுநீக்குநர் சிறு கட்டணத்தில் சீராக்கிவிடுவார்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டி, பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஆறு தந்திகளிலும் இது பொருந்தினால், இரண்டு கருவிகளையும் ஒரே ஆளை ஒரே இடத்தில் ஒரே பிக்கால் மீட்டச் சொல்லி, திரும்பி நின்று கேளுங்கள். இரண்டிலும் புதுத் தந்திகள் பூட்டியிருக்க வேண்டும். வியர்வையும் துருவும் ஏறிய சுருள்கம்பித் தந்தி தன் உயர் சீரிசைகளை விழுங்கிவிடும், அதை மாற்ற ஆகும் செலவோ சில நூறு ரூபாய்தான். சென்னை போன்ற கடலோர ஊர் என்றால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: முழுமரக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது, நம் மழைக்காலக் காற்று அதைத் தாண்டிவிடும். எழுபதாயிரம் ரூபாய்க் கருவியின் மேற்பலகை ஈரத்தில் உப்பித் தந்திகளை உயர்த்திவிடக்கூடும். ஒட்டுப்பலகைக் கருவி அதே ஈரத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. விலை கூடியதை வாங்குவதானால் அதை வைக்கும் உறைப்பெட்டியையும், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும், ஈரப்பதமானி ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.