பதக்கத்தைத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து

புரட்டாசி வருகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் தமிழ் வீடுகளில் காமாட்சி விளக்கையும் குத்துவிளக்கையும் தேய்த்துக் கழுவத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்தில் தாத்தாவின் பதக்கம் இருந்தால், அதை விளக்கோடு சேர்த்துப் புளித் தண்ணீரில் போடாதீர்கள். பித்தளை மெருகேற்றும் பிராசோவும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். எதுவுமே வேண்டாம்.

பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் மதிப்பிடுவது என் தொழில். சென்ற மாதம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. துணியை விரித்தபோது உள்ளே புதுப்பாத்திரம்போல மின்னிக்கொண்டிருந்தது ஒரு வெண்கலப் பதக்கம். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போருக்காக விக்டோரியா அரசியின் பெயரில் கொடுத்தது. அரசியின் மூக்கு மழுங்கிவிட்டது, மறுபக்கத்தில் பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவின் முகமே இல்லை. பெற்றவரின் பெயர் இருக்கும் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெயரின் கடைசிச் சில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. '...சாமி' என்று முடிகிற பெயர். முனுசாமியா, இராமசாமியா, கோவிந்தசாமியா? இனி யாராலும் சொல்ல முடியாது.

அந்த வீட்டு ஆயா வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். இறந்துபோன மாமனாருக்கு அவர் செய்த மரியாதை அது. எனக்குக் கோபம் பேரன்மேல்தான். விற்றால் நல்ல விலை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு நகைக்கடையில் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஆயாவின் புளி விட்டுவைத்த எழுத்துகளைச் சக்கரம் ஒரு நிமிடத்தில் தின்றுவிட்டது. "எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது பாருங்கள் அண்ணா" என்று அவர் சொன்னபோது நான் என்ன பதில் சொல்வது?

பளபளப்பு மதிப்பு ஆகாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் மறுவாரம் இன்னொருவர் மின்னும் பதக்கத்தோடு வந்து நிற்கிறார். ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். வெண்கலத்தின் மேல் பல ஆண்டுகளில் படியும் பழுப்புப் படலம் அழுக்கு அன்று. உலோகத்தின் மேற்பரப்பே காற்றோடு சேர்ந்து மாறிய நிலை அது. அதை எடுத்தால் அழுக்கு போவதில்லை, பதக்கத்தின் தோல்தான் போகிறது. புளியில் இருக்கும் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது, பிராசோவில் இருக்கும் பொடி உலோகத்தையே அராவுகிறது. ஒவ்வொரு முறையும் மெல்லிய ஓர் அடுக்கு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் வாரம் ஒருமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குத்துவிளக்கு தடிமனான பித்தளை. தேய்க்கத் தேய்க்க அழகு. அதில் பெயர் இல்லை, தேய்வதற்கு ஒன்றும் இல்லை. பதக்கத்தில் முதலில் தேய்வது பெயர்தான், ஏனென்றால் விளிம்பில் அச்சான எழுத்து அவ்வளவு ஆழம் குறைந்தது. வெள்ளி கறுத்துப்போவதும் இதே கதைதான். கறுத்த வெள்ளிப் பதக்கத்தைக் கண்டால் சேகரிப்பாளர் மகிழ்வார், வெளுத்ததைக் கண்டால் வைத்துவிட்டுப் போவார்.

இந்தப் போயர் போர்ப் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படைவீரர்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். படையோடு வேலைக்கு வந்த இந்தியர்கள் உட்படப் போரிடாத பலருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். அதனால்தான் நம் வீடுகளில் வெண்கலம் கிடைக்கிறது. 'வெள்ளி இல்லையே, அப்படியென்றால் போலிதானே' என்று கேட்டு எடைக்குப் போட்டவர்களும் உண்டு. வெண்கலம்தான் அரிது! முதலில் அச்சடித்தவற்றில் 1899-1900 என்று ஆண்டு இருந்தது. போர் 1902 வரை நீண்டதால் அதை அச்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில பதக்கங்களில் அந்த எண்களின் நிழல் மட்டும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். எங்கள் தொழிலில் அதைத் தேடித்தான் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். பாலிஷ் போட்ட பதக்கத்தில் அது எங்கே இருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எங்கள் கொள்ளுத்தாத்தா காந்தியோடு டோலி தூக்கினார்' என்று பதக்கத்தைக் காட்டுபவர்கள் நிறைய. 1899 டிசம்பரில் நேட்டாலில் சேர்ந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் கரும்புத் தோட்டங்களிலும் மற்ற இடங்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தவர்கள். கொலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்தார்கள். ஆனால் பதக்கம் கிடைத்தது தலைவர்களாக இருந்த 37 பேருக்கு என்று காந்தியே எழுதியிருக்கிறார். ஆகவே கதை உண்மையாக இருக்கலாம், கையில் இருக்கும் பதக்கம் வேறொரு பணிக்கு வந்ததாக இருக்கலாம். எது என்று சொல்லும் ஒரே சாட்சி விளிம்பு. அதைத்தான் நாம் தேய்க்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களுக்கு விலை இல்லை என்று நினைத்துக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் அவற்றைப் பெயரில்லாமல் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் எண்ணும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திர வடிவத்தில் இருந்தால் பின்பக்கம் பாருங்கள். ஒருவருக்கு வந்த நான்கைந்தையும் ஒன்றாக வையுங்கள். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் அந்த மனிதரின் சேவையையே துண்டு போடுகிறீர்கள்.

நகைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். காசுமாலையில் சவரனோடு போயர் குடியரசின் தங்கக்காசான குரூகர் பவுனையும் வளையம் பற்றவைத்துக் கோத்த வீடுகள் இங்கே உண்டு. 1892-இல் பெர்லினில் அடித்த பவுனில் பொறித்த மாட்டுவண்டிக்கு இரட்டை ஏர்க்கால் போட்டுவிட்டார்கள். போயர்களின் வண்டிக்கு ஏர்க்கால் ஒன்றுதான். அந்தப் பிழை உள்ள காசைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். பற்றவைத்த பிறகு பெரும்பாலும் தங்கத்தின் எடைக்குத்தான் விலை. பழைய மாலையில் இருப்பதை இப்போது பிடுங்க வேண்டாம், அது இன்னும் கெடும். புதிதாகப் பற்றவைக்காதீர்கள்.

டோக்கன்களையும் குப்பையில் போடாதீர்கள். உம்சிம்குலுப் பக்கம் ஸ்ட்ரேக்கன் கடைக்காரர்கள் 1874 முதல் வெளியிட்ட டோக்கன்கள் பல பத்தாண்டுகள் அந்த வட்டாரத்தில் பணமாகவே புழங்கின. பார்ப்பதற்குச் சாதாரணத் தகடுதான்.

மாறாக, சாமி அறையில் பத்திரப்படுத்தும் ஒன்று உண்டு. ஒரு பக்கம் இராமர், சீதை, இலட்சுமணர், அனுமன். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818. 'ட்ரூரோ கப்பலில் வந்தது' என்பார்கள். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்தது உண்மை. ஆனால் இப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அதன் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரே மாதிரி நாணயம் வந்ததே 1835-இல். இது பக்திக்காகப் பின்னாளில் செய்தது. பூஜையில் வையுங்கள், தவறில்லை. அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசுபவன் வந்தால் கதவைச் சாத்துங்கள். அரிசியில் இரும்புத்தூளும் காசுக்கடியில் காந்தமும் இருக்கும்.

வைக்கும் முறை எளிது. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், பதக்கத்தின் முகப்பைத் தொடாதீர்கள். ரப்பர் பட்டை, செய்தித்தாள், மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை மூன்றும் ஆகாது. அமிலமில்லாத காகித உறை போதும். டர்பனின் கடற்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது பழுப்புப் படலம் அன்று, உலோகத்தை அரிக்கும் நோய். தனியாக எடுத்து வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். நாடா கிழிந்திருந்தாலும் பழையதைக் கழற்றி எறியாதீர்கள்.

விற்பதாக இருந்தால், 2009-ஆம் ஆண்டுப் பயன்படுத்திய பொருட்கள் சட்டப்படி காவல்துறையில் பதிவு செய்த வியாபாரியா என்று கேளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தேசிய மரபுவளச் சட்டப்படி அனுமதி தேவைப்படலாம், முதலில் விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பதக்கத்தை மெத்தென்ற துணியில் நிறுத்தி, பக்கவாட்டில் விளக்கு வைத்து, விளிம்பைச் சுற்றிலும் படமெடுங்கள். பெயர், எண், படைப்பிரிவு எல்லாவற்றையும் எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடே குறித்துக்கொள்ளுங்கள். போயர் போர்ப் பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கப்பலில் வந்தவர்களின் பட்டியல்களுக்கு வெஸ்ட்வில்லில் காந்தி-லுத்துலி ஆவண மையத்தைக் கேளுங்கள். அந்த விளிம்பில் இருக்கும் நான்கு சொற்களைக் கொடுத்தால் அவர்களால் தேட முடியும்.