ராஞ்ச் என்றால் பண்ணை வீடு அல்ல

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் நடக்கும் காதல் கதைகள் இப்போது தமிழிலும் வருகின்றன, ஒலிக்கதைகளாகவும் கேட்கக் கிடைக்கின்றன. மொன்டானாவிலோ வயோமிங்கிலோ பக்கத்துப் பக்கத்து ராஞ்ச்காரர்கள், அதாவது பரந்த புல்வெளியில் மாடு மேய்த்துப் பிழைப்பவர்கள், அப்பன் காலத்துப் பகை, நடுவில் ஒரு வேலி, மாடுகள் கன்று ஈனும் நேரத்தில் பனிப்புயல், அப்புறம் காதல். கதையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ராஞ்சைப் பண்ணை என்று பெயர்த்துவிடுவதால் நான் கேட்டவற்றில் பெரும்பாலும் அவள் "பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண்", அவன் "இளம் பண்ணையார்". கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

ராஞ்ச் என்ற சொல்லின் வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பானிய மொழியின் 'ராஞ்சோ'தான் மூலம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம், அவர்கள் தங்கும் இடம் என்பது பழைய பொருள், அதற்கும் பின்னால் வரிசை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. மெக்சிகோவில் அது மாடு மேய்ப்பவர்களின் குடிசையாகி, பிறகு மாடு வளர்க்கும் இடமாகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. லாசோ (சுருக்குக் கயிறு), ரோடியோ (குதிரை, மாடு அடக்கும் போட்டி), கொரால் (மாட்டை அடைக்கும் இடம்) எல்லாம் அதே வழியாக வந்தவைதான்.

பொருள்தான் முக்கியம். அமெரிக்காவில் மேற்கு நெடுவரை (தீர்க்கரேகை) 100 பாகையைத் தாண்டி மேற்கே போனால் சமவெளியில் ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் கீழே இறங்கிவிடும். மழையை நம்பி விதைத்துப் பிழைக்க முடியாத பூமி அது. வருவது புல், புல்லைத் தின்பது மாடு. 1862இல் வந்த குடியேற்றச் சட்டம் அரசு நிலத்தில் குடியேறி உழைப்பவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் கொடுத்தது, வறண்ட பக்கத்தில் அது எந்த மூலைக்கும் காணாது, ஒரு பசுவும் கன்றும் ஆண்டு முழுக்க மேய்வதற்கே பல இடங்களில் 20, 30 ஏக்கர் வேண்டும். அதனால்தான் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர், அதனால்தான் பக்கத்து வீடு என்பது சில மைல் தள்ளி. ஆக, உழாத நிலமும் அதில் தானே மேயும் மாடும் அதை நம்பிய குடும்பமும் சேர்ந்ததுதான் ராஞ்ச்.

இதற்குப் பண்ணை எப்படிப் பொருந்தும்? வயல் என்பது பண்ணைக்குப் பழைய பொருள்களில் ஒன்று. இன்றைக்கும் பண்ணை என்றால் உழவு, பாசனம், நெல், கரும்பு என்றுதான் மனம் போகும். கோழிப்பண்ணை, மீன்பண்ணை என்று நீட்டினாலும் அடைத்து வைத்துத் தீனி போட்டு வளர்ப்பது என்ற எண்ணம் போவதில்லை. 'கால்நடைப் பண்ணை' என்று திருத்துகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டால் ஓசூர் அரசுப் பண்ணை மாதிரி அலுவலகமும் கொட்டகையும் பதிவேடும் உள்ள இடம்தான் கண்ணுக்கு வருகிறது, அல்லது கட்டுத்தறியில் நிற்கும் கறவை மாடு. தீவனம் மாட்டிடம் வந்தால் அது பண்ணை, மாடு தீவனத்தைத் தேடிப் போனால் அது ராஞ்ச். இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டால் கதையில் மிச்சம் ஒன்றுமில்லை.

'பண்ணை வீடு' இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பண்ணை வீடு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு வார இறுதிக்குப் போகும் இடம். கடன் கட்ட முடியாமல் வங்கிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் கதாநாயகியைப் பண்ணை வீட்டில் உட்கார வைத்தால் கேட்பவருக்கு அவள் கஷ்டம் எப்படி உறைக்கும்?

'பண்ணையார்' என்பதை என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் தஞ்சாவூர் நிலவுடைமை இருக்கிறது. பண்ணையார் என்றால் கூடவே பண்ணையாள் வருவார், அடிமை போல உழைத்த அந்த மனிதர்களுக்காக 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டமே வர வேண்டியிருந்தது. மொன்டானாக் கதையில் வரும் ஆளோ பிப்ரவரிக் குளிரில் நடுராத்திரி எழுந்து, தலைச்சன் கிடாரிக்குக் கன்று குறுக்கே விழுந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கிறவன். கூலிக்கு ஆள் வைக்கக்கூட வழியில்லாதவன். அவனைப் பண்ணையார் என்று கூப்பிட்டு, கூட வேலை செய்கிற மாட்டுக்காரனைப் பண்ணையாள் ஆக்கினால், அந்த ஊர்க் கதையும் கெடுகிறது, நம் வரலாறும் அவமானப்படுகிறது.

"வாசகருக்குப் புரிந்தால் போதும்" என்பார்கள். புரியவில்லை என்பதுதான் என் புகாரே. நான் கேட்ட ஒரு கதையில் நாயகன் குதிரையில் ஏறி, 'காம்பவுண்டுச் சுவரைச் சரிபார்க்க' காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறான். மூலத்தில் அது முள்கம்பி வேலியாகத்தான் இருந்திருக்கும். பண்ணை வீடு என்று ஒருமுறை எழுதிவிட்டால் வேலி தானாகச் சுவராகிவிடும்.

அந்த வேலிதான் இந்தக் கதைகளின் உயிர். 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் மரமில்லாத சமவெளியில் மலிவாக வேலி போட முடிந்தது. உடனே சண்டையும் வந்தது. டெக்சாஸில் 1883இல் ராத்திரியோடு ராத்திரியாக வேலியை வெட்டிப்போட்டார்கள், அடுத்த ஆண்டே வேலி வெட்டுவதைப் பெருங்குற்றம் ஆக்கினார்கள். மொன்டானாவின் பெரும்பகுதியில் இன்றும் முறை நமக்கு நேர்மாறு. அடுத்தவர் மாடு உள்ளே வரக்கூடாது என்றால் நிலத்துக்காரர்தான் வேலி போட்டுக்கொள்ள வேண்டும். கான்சாஸ் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எல்லை வேலியின் நடுவில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே நின்று, அவரவர் வலக்கைப் பக்கம் இருக்கும் பாதியை அவரவர் பராமரிக்க வேண்டும். இரண்டு பேர் காதலிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? வசந்தத்தில் கன்றுகளுக்குக் குறி சுடும் நாளில் அக்கம்பக்கத்தார் குதிரையோடு வந்து நிற்பார்கள், அவர்கள் வீட்டு நாளுக்கு இவர்கள் போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்கூட அன்றைக்கு ஒரே கயிற்றைப் பிடித்தாக வேண்டும். அதை 'முத்திரை குத்தும் விழா' என்று ஒருவர் பெயர்த்திருந்தார். குறிசுடுதல் என்ற சொல் தமிழில் இருக்கிறது ஐயா, ஈழத்தில் மாடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

சரி, ராஞ்சுக்குத் தமிழ் என்ன? காரியத்தில் மிக நெருங்கியது கொங்கு நாட்டுக் கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் பார்க்கலாம். மழை குறைந்த மேட்டு நிலம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரமும். படலைச் சாத்திவிட்டால் மாடு தானே மேயும், கூடவே ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கொறங்காடு என்பது நிலம் மட்டும்தான். வீடு, மந்தை, பிழைப்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது, கொங்குக்கு வெளியே காடு என்றால் வனம் என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் நான் 'மேய்ச்சல்பட்டி' என்பேன். பட்டி நம் எல்லாருக்கும் தெரிந்த சொல், மாட்டை அடைக்கும் இடம். மட்டக்களப்பில் மாட்டு மந்தையையே பட்டி என்பார்கள், மாட்டுப் பொங்கலுக்கு ஈழத்திலும் கொங்கிலும் பட்டிப் பொங்கல் என்றுதான் பெயர். கொராலும் பட்டிதானே, குழம்பாதா என்று கேட்கலாம். கொராலை 'மாட்டு அடைப்பு' என்று எழுதினால் முடிந்தது. ராஞ்ச்காரரைப் பட்டிக்காரர் என்று சொல்லுங்கள், மேயும் பரந்த நிலத்துக்கு ஈழத்தார் வழங்கும் 'மேய்ச்சல்தரை' கைவசம் இருக்கிறது. இவை எதுவும் பிடிக்கவில்லையா, ராஞ்ச் என்றே எழுதுங்கள். தனித்தமிழில் எனக்குப் பிடிப்பு அதிகம், ஆனாலும் தவறான தமிழைவிட நேர்மையான கடன் சொல் மேல்.

இந்த வகைக் கதைக்கு 'மேற்கத்தியக் காதல் கதை' என்று போடும் பெயரையும் விட்டுவிட வேண்டும். தமிழில் மேற்கத்திய என்றால் ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சேர்ந்தது, பாரிஸில் நடப்பதும் அதில் அடங்கும். இங்கே மேற்கு என்பது அந்த ஒரு நாட்டுக்குள் இருக்கும் வறண்ட மேற்கு. 'அமெரிக்க மேற்குப் பட்டிக் காதல்' என்று அட்டையில் போட்டால் முதல் பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். போடட்டும். வாங்குகிறவர் உள்ளே புல்லையும் மாட்டையும் எதிர்பார்த்துத் திறப்பார்.