மடக்குக் கத்தி: பெயரில் உள்ள டைட்டானியம் பொருளில் எங்கே?

"டைட்டானியம் பாக்கெட் கத்தி வாங்கலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவரும் கேட்கிறார், உபின் தீவில் கூடாரம் அடிக்கப் போகும் இளைஞரும் கேட்கிறார். இதற்குப் பதில் சொல்லும் முன் அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். அப்படி விற்கப்படும் கத்திகளில் பெரும்பாலானவற்றில் வெட்டுகிற பாகம் டைட்டானியமே அல்ல. பெயர் ஒன்றைச் சொல்ல, பொருள் வேறொன்றாக இருக்கிறது. வாங்குகிறவர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

முதலில் 'பாக்கெட் கத்தி'க்கு வருவோம். நம்மில் மூத்தவர்களுக்கு அது பேனாக்கத்தி. பேனா என்பது போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் 'பெனா' என்றால் இறகு. இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் ஆங்கிலத்தில் பென்நைஃப் ஆகி, தமிழில் பேனாக்கத்தி ஆனது. நல்ல சொல்தான், தமிழ்நாட்டில் இன்றும் செல்லும். சிங்கப்பூரில் ஒரு சிக்கல். இங்கே 'பென்நைஃப்' என்று கடையில் கேட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் அலகு சறுக்கி வரும், மழுங்கியதும் நுனியை ஒடித்துப் போடும் கட்டரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைக்கும் அதுதான் பேனாக்கத்தி. ஆகவே மடிக்கிற கத்திக்கு இந்த ஊரில் அந்தப் பெயர் சரிவராது.

யாழ்ப்பாணத்தார் 'வில்லுக்கத்தி' என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். மடிக்கும் கத்தியின் முதுகில் வளைந்த எஃகுப் பட்டை ஒன்று இருக்கும். அலகைத் திறந்தாலும் மூடினாலும் அது அழுத்திப் பிடித்து நிறுத்தும். அந்தப் பட்டைதான் வில். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தியைத் திறக்கும்போது விரலுக்குத் தெரிகிற அந்த 'டக்' என்ற இறுக்கம் வில்லின் வேலை. பொறிமுறையையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது வரும் டைட்டானியக் கத்திகளில் முதுகு வில் கிடையாது, பூட்டு வேறு விதம். அதோடு, 'வில்' என்றதும் பொத்தானை அழுத்தினால் துள்ளி வெளிவரும் பட்டன் கத்தியைச் சிலர் நினைத்துவிடக்கூடும். அது சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறு பொருள்.

சூரிக்கத்தி, பிச்சுவா இரண்டும் இங்கே வேண்டாம். சூரி வடமொழி வழி வந்தது. பிச்சுவா வடக்கில் தேளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த குத்துவாளின் பெயர். இரண்டும் ஆயுதப் பெயர்கள். பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் வைத்திருக்கும் கருவிக்கு ஆயுதத்தின் பெயரை ஏன் சூட்ட வேண்டும்?

மிஞ்சுவது மடக்குக் கத்தி. என் தேர்வும் அதுதான். தானாக மடங்குவது மடங்குதல், நாம் மடிப்பது மடக்குதல். மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் என்று வீட்டில் ஏற்கெனவே புழங்கும் சொல். செய்யுளில் ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வந்தால் அதற்கும் மடக்கு என்றே பெயர். அண்டை வீட்டு மலாய்க்காரரும் 'பிசாவ் லிப்பாட்' என்பார். பிசாவ் கத்தி, லிப்பாட் மடித்தல். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எழுத்தில் ஒரு சந்தேகம் வரும். 'மடக்கு கத்தி' என்று ஒற்று இல்லாமல் எழுதினால் அது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. 'மடக்கு' என்பதைப் பெயராகக் கொண்டால் ஒற்று மிகுந்து மடக்குக் கத்தி. இரண்டும் பிழையில்லை. வாய்க்கு இதமாக வருவதால் நான் ஒற்றோடு எழுதுகிறேன்.

கத்தியின் பாகங்களுக்கும் தமிழில் பெயர் உண்டு. வெட்டும் தகடு அலகு. தைப்பூசத்தில் அலகு குத்துவதைப் பார்த்த நமக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கையில் பற்றுவது பிடி. இந்த இரண்டு சொல்லையும் மறக்காமல் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி தெளிந்துவிடும்.

சரி, டைட்டானியம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓடையோரக் கருமணலை ஆராய்ந்த வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் 1791-இல் அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். 1795-இல் ஜெர்மனியின் மார்ட்டின் கிளாப்ரோத் அதை வேறொரு தாதுவில் தனியே கண்டறிந்து, கிரேக்கப் புராணத்தில் பூமித்தாயின் பிள்ளைகளான டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். உலோகத்தின் வலிமையைப் பார்த்து வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது தூய உலோகத்தை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மேத்யூ ஹண்டர் அதைப் பிரித்தெடுத்தது 1910-இல்தான். ஆகவே 'டைட்டன் போல உறுதி' என்கிற விளம்பர வரிக்கும் பெயரின் பிறப்புக்கும் சம்பந்தமில்லை.

டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் 'தைட்டானியம்' என்று எழுதுவோர் உண்டு. தனிமங்களின் பெயரை ஒலிபெயர்த்து எழுதுவதே நல்லது என்பது என் கருத்து, டைட்டானியம் எல்லோருக்கும் புரிகிறது. பெயர் அயலாக இருந்தாலும் பொருள் நமக்கு அயல் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் முக்கியமான தாது. உலகில் தோண்டப்படும் இந்தத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதில்லை. வெள்ளை நிறமியாகி, சுவருக்கு அடிக்கும் சாயத்திலும் பற்பசையிலும் சேர்கிறது. உலோகமாக்குவதுதான் கடினம். தாதுவைக் குளோரினோடு சேர்த்து, பிறகு உருகிய மெக்னீசியத்தால் பிரிக்கும் முறையை லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் வகுத்தார். இன்றும் அந்த வழிதான் பெரும்பாலும். பிறகு அதைக் கடைவதும் சிரமம். வெப்பம் உலோகத்தில் பரவாமல் வெட்டும் உளியின் நுனியிலேயே தங்கி, உளியைத் தின்றுவிடும். கத்தியின் விலை ஏறுவது இந்த உழைப்பினால்.

அந்த விலையுயர்ந்த உலோகம் கத்தியில் எங்கே இருக்கிறது? பிடியில். அலகு எஃகுதான். கத்திப் பிடிக்குப் பெரும்பாலும் பயன்படுவது 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த ஐந்தாம் தரக் கலவை. அதன் கடினம், ராக்வெல் என்ற கடின அளவுகோலில் 36-ஐ ஒட்டி நிற்கும். நல்ல அலகு எஃகு 58 முதல் 62 வரை. டைட்டானியத்தை அலகாக்கினால் கூர் சீக்கிரம் மழுங்கும். துருப்பிடிக்காது, காந்தத்தில் ஒட்டாது என்பதால் முக்குளிப்பவர்களின் கத்திகள் சிலவற்றை அதில் செய்வார்கள், அவ்வளவுதான். கூர்மை வேலைக்கு எஃகே அரசன். பழந்தமிழில் எஃகு என்ற சொல்லுக்கே கூர்மை என்றும் வேல் என்றும் பொருள் இருந்தது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அங்கேதான் ஏமாறுவார்கள். பொன்னிறத்தில் மின்னும் மலிவான கத்தி, பெட்டியில் பெரிதாக 'டைட்டானியம்' என்று போட்டிருக்கும். அது சாதாரண எஃகு அலகின் மேல் டைட்டானியம் நைட்ரைடு என்ற மெல்லிய பூச்சு. பூச்சு கடினமானதுதான், ஆனால் சில மைக்ரான் தடிமன். சாணை பிடிக்கும் விளிம்பில் அது போய்விடும். அடியில் இருக்கும் எஃகு எப்படியோ கத்தியும் அப்படியே. நேர்மையான தமிழ்ப் பெயர் 'டைட்டானியப் பூச்சுக் கத்தி'. மற்றதற்கு 'டைட்டானியப் பிடி மடக்குக் கத்தி' என்று சொல்லிவிட்டால் போதும், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து எடை. 10 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள இரண்டு பக்கத் தகடுகளைக் கணக்குப் போடுங்கள். எஃகில் செய்தால் ஏறக்குறைய 117 கிராம். டைட்டானியத்தில் 67 கிராம். அலுமினியத்தில் 40 கிராம்தான்! கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து அழுத்திய ஜி10 இன்னும் குறைவு. எடை மட்டுமே கவலை என்றால் டைட்டானியம் தேவையே இல்லை.

பிறகு ஏன் நல்ல கத்தி செய்பவர்கள் அதை நாடுகிறார்கள்? பூட்டுக்காக. கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு பக்கத் தகட்டில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும். அந்த நாக்கு உள்பக்கம் சற்று வளைந்து நிற்கும். அலகு முழுதும் திறந்ததும் நாக்கு சறுக்கி அதன் வால்பக்கத்தை முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். மூட வேண்டுமானால் கட்டைவிரலால் நாக்கை ஓரம் தள்ள வேண்டும். கிறிஸ் ரீவ் என்ற கத்திக் கலைஞர் புகழ்பெறச் செய்த அமைப்பு இது. 'சட்டகப் பூட்டு' எனலாம். பிடியே பூட்டு, பிடியே வில். வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் டைட்டானியத்துக்கு அபாரம். ஒரே குறை: அலகின் எஃகில் உரசி உரசி நாக்கின் நுனி தேயும், சில சமயம் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் தரமான கத்திகளில் அந்த நுனியில் மட்டும் சின்ன எஃகுத் துண்டு ஒன்றைத் திருகியிருப்பார்கள். வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய நிலையில் அலகை மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. நீலமும் ஊதாவுமாகப் பளபளக்கும் பிடிக்குத் தனி விலை சொன்னால், அது சாயம் அல்ல, மின்சாரம் செலுத்தி மேல்படலத்தைத் தடித்ததாக்கியதால் தோன்றும் நிறம். சாவிக்கொத்தோடு கிடந்தால் கீறல் விழும்.

நம் ஊரின் வெக்கைக்கும் வியர்வைக்கும் பிடி துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் துருவுக்குப் பயப்பட வேண்டியது அலகு. உப்புக்காற்றில் மீன் அறுக்கிறவர் பிடியை விட்டுவிட்டு அலகின் எஃகைக் கேட்க வேண்டும். கரியைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1, எல்சி200என் போன்ற எஃகு வகைகள் கடல்நீரையும் தாங்கும். அவற்றை பிளாஸ்டிக் பிடியோடு வாங்கினாலும் அவருக்கு அதுவே மேல். பிரான்சின் ஓப்பினெல் அழகான கத்தி, ஆனால் ஈரத்தில் அதன் மரப்பிடி ஊதி அலகு இறுகிவிடும். பார்சல் பிரிக்க மட்டும் என்றால் கட்டர் போதும். தினமும் கையில் எடுத்து வேலை செய்கிறவர், ஒற்றைக் கையால் திறந்து மூட வேண்டியவர், பிடி பல ஆண்டு உழைக்க வேண்டும் என்று நினைப்பவர், இவர்களுக்கு டைட்டானியப் பிடி தகும். ஒரே பட்ஜெட்டில் மட்டமான எஃகும் டைட்டானியப் பிடியும், அல்லது நல்ல எஃகும் ஜி10 பிடியும் என்று வந்தால், யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

சிங்கப்பூரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1958-ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதச் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் அத்தகைய ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். காயம் விளைவிக்கக்கூடிய கருவி எதுவும் அந்த வரையறைக்குள் வரலாம், மடக்குக் கத்தியும்தான். 'சும்மா வைத்திருந்தேன்' என்பது காரணமாகாது. மீன்பிடிக்கப் போனால் தூண்டில் பெட்டிக்குள் வையுங்கள், வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கு. விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வகை அனுமதிக்கப்பட்டதா என்று காவல்துறையின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். பொத்தான் உள்ளதாக இருந்தால் தேடவே வேண்டாம்.